காலியாகக் கூடாத கட்டில்

பருத்தி வியாபாரிகள் மஞ்சள் கடுதாசி கொடுப்பதை அருப்புக்கோட்டையில் பார்த்தே வளர்ந்தவள் நான். கன்னியாஸ்திரீகள் நடத்துகிற பிரசவ ஆஸ்பத்திரியும் அப்படி நொடித்துப்போகும் என்று யாராவது சொல்லியிருந்தால் வாயிலேயே போட்டிருப்பேன். சாமி பேரில் நடக்கிற இடத்துக்கு ஏது கடன்? எனக்கிருந்த புத்தி அவ்வளவுதான்.

அறுபதுகளின் கடைசி. கட்டிக்கொடுத்த ஊரான பாலவனத்தத்தில், வீட்டிலேயே பெற்ற இரண்டு பிள்ளைகளும் மூச்சு விடாமலே போயிருந்தன. மூன்றாவதை ஆஸ்பத்திரியில்தான் பெறுவேன் என்று அடம்பிடித்து, நாள் நெருங்குவதற்கு முன்பே அருப்புக்கோட்டைக்கு வந்து அந்தக் கன்னியாஸ்திரீகள் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டேன்.

வந்த கொஞ்ச நாளிலேயே கோர்ட்டு அமீனா வந்தார். புது வார்டு கட்டுவதற்காகப் பருத்திக் கமிஷன் கடைக்காரர் ஒருவரிடம் கன்னியாஸ்திரீகள் கடன் வாங்கியிருந்தார்கள். வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டிருந்த பணம் நின்றுபோனதில் வட்டிகூடக் கட்ட முடியவில்லை. விஷயம் ஜப்தி வரை வந்துவிட்டது. அமீனா தன்மையான மனுஷன். அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. கத்துகிற ஆளாக இருந்தால் திருப்பிக் கத்தலாம்.

"தப்பா எடுத்துக்கிடாதீகம்மா" என்றார் மூத்த சிஸ்டரிடம். "மேசை, பீரோ, காலிக் கட்டிலு எல்லாம் எடுத்துத்தான் ஆகணும். ஆளு படுத்திருக்க கட்டில மட்டும் நான் தொட மாட்டேன். எனக்கும் பொம்பளப் பிள்ளைக இருக்கு."

கட்டிலில் ஆள் இருக்கும்வரை கட்டிடத்தையும் பூட்ட மாட்டாராம். இது சட்டமா, அவருடைய இரக்கமா என்று யாரும் அவரைக் கேட்கவில்லை. கேட்டு, அவர் யோசிக்க ஆரம்பித்துவிட்டால்?

பிள்ளை பெற்றவர்கள் ஒவ்வொருவராக வீட்டுக்குப் போனார்கள். அவர்கள் இறங்கிய கட்டில்கள் அன்றைக்கே வண்டியேறின. சம்பளம் இல்லாமல் எத்தனை நாள்தான் இருப்பார், டாக்டரம்மாவும் போய்விட்டார். மற்ற கன்னியாஸ்திரீகளை வேறு ஊர் மடங்களுக்கு அனுப்பிவிட்டார்கள். கடைசியில் அந்த நீள வார்டில் நானும் மூத்த சிஸ்டரும்தான் மிச்சம். கொல்லைப்பக்கம் போக வேண்டுமென்றால்கூட, சிஸ்டர் வந்து கட்டிலில் உட்கார்ந்த பிறகுதான் இறங்குவேன்.

என் வீட்டுக்காரர் வந்து சுற்றிப் பார்த்தார். "கெளம்பு, மதுரைக்குப் போயிருவம். இவுககிட்ட கத்திரிக்கோலாவது மிச்சம் இருக்கா?" என்றார்.

எனக்கும் அதே பயம்தான். ஆனால் பஸ்ஸிலேயே வலி எடுத்துவிட்டால் என்ன செய்வது என்பது அதைவிடப் பெரிய பயம். சிஸ்டர் என்னைப் போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. "கத்திரிக்கோல் இருக்கு" என்று மட்டும் சொன்னார். நான் இருந்துவிட்டேன்.

ஒரு மத்தியானம் வலி எடுத்தது. பிள்ளை வெளியே வந்தும் சத்தத்தைக் காணோம். முன்பு இரண்டு தடவையும் அப்படித்தான் இருந்தது. சிஸ்டர் பிள்ளையைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டினார். வாயில் வாய் வைத்து ஊதினார். நான் எங்கள் குலசாமியையும் அவருடைய சாமியையும் சேர்த்தே திட்டினேன். அதற்குப் பிறகுதான் என் மகள் அழுதாள். நான் அதைவிடச் சத்தமாக அழுதேன்.

வீட்டுக்குப் போகிற நாள் வந்தது. அமீனா காலையிலேயே பூட்டோடு வராந்தாவில் நின்றுகொண்டிருந்தார். அந்த நேரத்தில் எம்.ரெட்டியபட்டிப் பக்கமிருந்து ஒரு மாட்டுவண்டி வந்து நின்றது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு சின்னப் பெண் ஒருத்தி இறங்கி வந்தாள். சிஸ்டர் அவளைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தார். நான் ஒரு பக்கம் இறங்க, அவள் மறுபக்கம் ஏறினாள். கண்ணிமைக்கிற நேரம்கூடக் கட்டில் காலியாக இல்லை. அமீனா பார்த்தார். பூட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

ஏன் இப்படி என்று அவளுக்கும் தெரிய வேண்டுமே, விஷயத்தைச் சொன்னேன். அந்த வலியிலும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, நான் எறங்குறன்னிக்கு யாரு வருவாக?"

"யாராச்சும் வருவாக" என்றேன்.

பஸ்ஸில் மகளை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தேன். பாலவனத்தம் வரை, எதிரே வந்த ஒவ்வொரு மாட்டுவண்டியிலும் பிள்ளைத்தாச்சி யாராவது இருக்கிறாளா என்று எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே போனேன். எல்லா வண்டியிலும் பருத்திப் பொதிதான் இருந்தது.