மதினியின் பூனையை நான் கொண்டுபோய் விட்டேன்

"சாப்பிட்டியா?" என்று மதினி கேட்டது இப்போதும் காதில் இருக்கிறது. நாலு மாதத்துக்குப் பிறகு அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை அது. கையில் காபி டம்ளரோடு அடுப்படியில் அப்படியே நின்றுவிட்டேன். கேட்டது என்னை இல்லை. பின்பக்க மாடிப்படியில் ஒரு பூனை உட்கார்ந்திருந்தது. சாம்பல் நிறம், உடம்பெல்லாம் கோடு, வலது காது கிழிந்திருந்தது.

மதினி என் அண்ணன் மனைவி. ஏழாம் மாதத்தில் வயிற்றிலேயே பிள்ளை இறந்துபோய், வெறுங்கையோடு ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர் சுவரைப் பார்த்துப் படுத்தார். படுத்தவர் எழவில்லை. ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்சந்தில் எங்கள் வாடகை வீடு. விடிந்ததிலிருந்து கண்டக்டர்கள் ஊர் பேரைக் கூவுவது உள்ளே கேட்கும். அந்தச் சத்தத்துக்குக்கூட அவர் திரும்பமாட்டார். ஊட்டினால் இரண்டு வாய், அவ்வளவுதான். மனநல டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒதுக்கித் துப்பிவிடுவார். அண்ணனுக்கு மில்லில் காலை ஷிப்ட் என்பதால் நான் லேபில் மதிய ஷிப்ட் வாங்கிக்கொண்டேன். "தனியா மட்டும் விட்டுறாத புள்ள" என்று தினமும் சொல்லிவிட்டுத்தான் அண்ணன் செருப்பு மாட்டுவார். எதற்குப் பயப்படுகிறோம் என்று நாங்கள் இருவரும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டதே இல்லை.

பூனை வந்த பிறகு, அதற்குப் பால் வைக்க எழுந்தார். எழுந்தவர் முகம் கழுவினார், தலை வாரினார். மீன் தலை வாங்கிவரச் சொல்லி அண்ணனை விரட்டினார். மடியில் அது தூங்கினால் கால் மரத்துப்போனாலும் அசையமாட்டார். "சத்தம் போடாதீங்க, தூங்குது" என்று எங்களை அதட்டுவார். ஒருநாள் அதன் முதுகைத் தடவிக்கொண்டே, "அவன் முகத்த எனக்குக் காட்டவே இல்லடா" என்றார். பெற்ற தாயிடம்கூடச் சொல்லாததை அந்தப் பூனையிடம் சொன்னார். நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று அழுதேன்.

அப்படி அழுத நானே பிறகு செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ரத்தப் பரிசோதனைதான் என் பிழைப்பு. பூனையால் கர்ப்பிணிகளுக்கு ஒரு தொற்று வரும், கருவைக் கலைத்துவிடும் என்று படித்திருக்கிறேன். அந்த வாரம் ஒரு பெண்ணுக்கு அது இருப்பதாக ரிப்போர்ட் அடித்தது என் கைதான். மதினிக்கு நாளைக்கு இன்னொரு பிள்ளை தங்க வேண்டாமா என்று பயந்தேன். டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எனக்குத்தான் எல்லாம் தெரியுமே, பெரிய மேதாவி! அண்ணன் வீட்டில் இருந்த ஒரு ஞாயிறு, மதினி குளிக்கப் போன நேரம் பூனையைச் சாக்கில் பிடித்துப் போட்டேன். சோழவந்தான் பஸ்ஸில் ஏறி, வைகைப் பாலம் தாண்டி, வெற்றிலைக் கொடிக்கால் ஓரமாக இறங்கினேன். வழி மறக்கட்டும் என்று எங்கள் ஊரில் செய்வதுபோலச் சாக்கை மூன்று சுற்றுச் சுற்றி அவிழ்த்தேன். படித்தவள் செய்த காரியம் இது.

"அதப் பாத்தியா?" என்றார் மதினி.

"இல்லையே மதினி, எங்கயாச்சும் சுத்தப் போயிருக்கும்."

என்னை ஒருமுறை பார்த்தார். அதற்குமேல் கேட்கவில்லை. ஐந்து நாள் படியில் பால் வைத்தார். ஆறாவது நாள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். இந்த முறை இரண்டு வாயும் இறங்கவில்லை. ஊட்டிய கஞ்சி கடைவாயில் வழிந்தது. ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். மனநல டாக்டர் குனிந்து, "பூனை எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டார். அவரிடம் மதினி பூனையைப் பற்றிப் பேசியிருக்கிறார் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். டாக்டரை வெளியே கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். "அது அசிங்கம் பண்ணுறத வேற ஆள் அள்ளிட்டு, கைய நல்லா கழுவுனாப் போதுமேம்மா. அவங்க எந்திரிச்சதே அதுக்காகத்தான" என்றார். எனக்கு அங்கேயே செத்துவிடலாம்போல இருந்தது.

ஊட்டினால் ஒரு வாய் இறங்கும் என்ற அளவுக்குத் தேற்றி வீட்டுக்குக் கூட்டிவந்த பிறகு மூன்று ஞாயிற்றுக்கிழமை தனியாகப் போய்த் தேடினேன். பேர் சொல்லிக் கூப்பிட அதற்கு ஒரு பேர்கூடக் கிடையாது. "பூனைக்காகவா இம்புட்டுத் தூரம் பஸ் ஏறி வந்த?" என்று கொடிக்காலில் வெற்றிலை கிள்ளிய பெண்கள் சிரித்தார்கள். மூன்றாவது ஞாயிறு திரும்பிவந்து மதினியின் கட்டிலோரம் தரையில் உட்கார்ந்தேன்.

"மதினி, நான்தான் கொண்டுபோயி விட்டேன்."

"தெரியும். அன்னைக்கு உன் கையெல்லாம் கீறியிருந்துச்சு."

"அப்பறம் ஏன் மதினி கேக்கல?"

"கேட்டா ஒத்துக்கிருவ. அப்பறம் ஒன்கூடயும் பேச முடியாமப் போயிரும். எனக்கு வேற யாரு இருக்கா?"

எவ்வளவு நேரம் அழுதேனோ தெரியாது. மதினி சுவரைப் பிடித்து எழுந்து உட்கார்ந்தார். "எங்க விட்டன்னு வந்து காட்டு" என்றார்.

மறுநாளே போனோம். நாலு எட்டு நடப்பார், வரப்பில் உட்கார்வார், திரும்ப நடப்பார். அன்றைக்குக் கிடைக்கவில்லை. அடுத்த வாரமும் கிடைக்கவில்லை. தேடப்போக உடம்பில் தெம்பு வேண்டுமே என்று, நான் ஊட்டாமலே கொஞ்சம் சாப்பிட்டார். மூன்றாவது தடவை, பஸ் நிற்கும் இடத்து மீன்கடைக்கு அடியில் சாம்பல் நிறத்தில் ஒன்று ஒண்டிக்கொண்டிருந்தது. எலும்பும் தோலுமாக இருந்தது. காது இரண்டும் முழுதாக இருந்தன. "இதுதான்" என்று மதினி அள்ளிக்கொண்டார். காதைப் பார்த்துவிட்டு நான் பஸ்ஸுக்குக் கை காட்டினேன்.

பஸ் பாலத்தில் ஏறும்போது அவரே சொன்னார். "காது கிழியல. எனக்குத் தெரியாதா? அது போயிருச்சு. இதுக்கும் பசிக்கும்ல."

நாலு வருடமாகிறது. பிள்ளை இன்னும் தங்கவில்லை. சில காலைகளில் மதினி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிடுகிறார். என் உயிர் என்னிடம் இருக்காது. பூனை கட்டிலேறி முகத்துக்கு நேரே நின்று கத்தும். கொஞ்ச நேரம் பொறுத்து, திட்டிக்கொண்டே எழுந்துவிடுவார். என்னோடு எல்லாம் பேசுகிறார், சிரிக்கக்கூடச் செய்கிறார். நான் கை நீட்டினால் பூனையை மட்டும் தருவதில்லை.