மகாநாட்டுக்குப் போன குளத்துத் தண்ணீர்

வெள்ளிக்கிழமை, மாலை ஆறு மணி. டில்லி தர்பார் முடிந்த மறு வருஷம், ஆவணி மாதம். எழும்பூர் ஸ்டேஷனில் என் மரப்பெட்டியைத் தூக்கிப் பார்த்த கூலிக்காரன், "உள்ள என்ன சாமி, கல்லா?" என்றான். கண்ணாடி என்றேன். உடனே இரண்டணாவை நாலணா ஆக்கினான். பெட்டிக்குள் ஒரு பூதக்கண்ணாடிக் கருவி, இருபத்துநாலு குப்பிகள், மூடியோடு கூடிய கண்ணாடித் தட்டுகள், ஸ்பிரிட் விளக்கு, கிருமிகள் வளர்வதற்காகக் கடற்பாசியைக் காய்ச்சி எடுத்த கூழ் ஒரு ஜாடி. பாளையங்கோட்டையில் நடக்கும் தொற்றுநோய் மகாநாட்டுக்கு இவற்றைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் வேலை. நான் டாக்டர் அல்ல. சென்னையில் கிருமிகளை ஆராயும் ஒரு சர்க்கார் நிலையத்தில் பதினோரு வருஷமாக, டாக்டர்கள் பார்ப்பதற்கு வேண்டியதைக் கழுவி, காய்ச்சி, துடைத்து எடுத்து வைப்பவன்.

சனிக்கிழமை, பிற்பகல். விழுப்புரம், தஞ்சாவூர், திருச்சி, மதுரை என்று நானூற்று நாற்பது மைலுக்குக் கொஞ்சம் குறைவான தூரத்தைப் பெட்டியின் மேல் ஒரு கையை வைத்தபடியே கடந்தேன். மணியாச்சியில்தான் வம்பு வந்தது. போன வருஷம் அந்த ஸ்டேஷனில் கலெக்டர் துரை சுடப்பட்டது முதல் அங்கே போலீஸ் காவல் பலம். ஒரு கான்ஸ்டபிள் பெட்டியைத் திறக்கச் சொன்னார். வரிசையாகக் குப்பிகளையும் நடுவில் பித்தளைக் குழாயையும் பார்த்ததும் இரண்டடி பின்னால் போய்விட்டார்.

"இது என்னது வே? குண்டா?"

"கிருமியைப் பார்க்கிற கண்ணாடி ஐயா."

"கிருமி எங்க இருக்கு?"

"இன்னும் பிடிக்கவில்லை. பிடிக்கத்தான் போகிறேன்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கிறுக்கன் என்று தீர்மானித்து விட்டுவிட்டார். மாலை ஐந்து மணிக்குத் திருநெல்வேலியில் இறங்கினேன். ஆற்றுப் பாலத்தை வண்டியில் கடக்கும்போது இரு கரையும் தொட்டுத் தாமிரபரணி ஓடிக்கொண்டிருந்தது. கோடையில் மணலாகக் கிடக்கும் ஆறுகளையே பார்த்துப் பழகிய எனக்கு அது கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது.

ஞாயிறு, காலை. மகாநாட்டில் வெறும் பேச்சு மட்டும் போதாது, இந்த ஜில்லாத் தண்ணீரில் என்ன இருக்கிறது என்று கண்ணால் காட்ட வேண்டும் என்பது தலைமை வகிக்கும் சிவில் சர்ஜன் துரையின் எண்ணம். வாந்திபேதி விடாமல் வரும் மூன்று ஊர்களைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். இரண்டு ஊர்த் தண்ணீர் ஏற்கெனவே வந்துவிட்டது. மூன்றாவது ஊர் சேரன்மகாதேவிப் பக்கம். பன்னிரண்டு மைல், மூன்றாம் வகுப்புக் கட்டணம் இரண்டரை அணா. அதற்குமேல் மூன்று மைல் மாட்டுவண்டி. ஊர்ப் பெயரை நான் எழுதவில்லை. காரணம் பின்னால் தெரியும்.

எனக்குத் துணையாக வந்தவர் இசக்கிமுத்து, அந்தப் பகுதியில் அம்மை குத்துகிறவர். நாற்பது வயது, ஒல்லி, வாயைத் திறந்தால் மூட மாட்டார். ஆனால் வண்டி வயல்களுக்கு நடுவே போகத் தொடங்கியதும் அவர் குரல் இறங்கியது.

"சார்வாள், ஜில்லா போர்டுல ஒரே ஒரு கெணத்துக்குத்தான் பணம் இருக்கு. சுத்துச்சுவரு கட்டி, கப்பி போட்டு, மேல மூடி வச்ச கெணறு. மூணு ஊருல எந்த ஊருத் தண்ணி மோசம்னு உங்க தட்டுல தெரியுதோ, அந்த ஊருக்குத்தான். நாலு வருசமா எழுதிப் போட்டுட்டேன். இந்தத் தடவையும் போச்சுன்னா, இனிமே கேக்க எனக்கு வாயில்ல."

"உங்களுக்கு அந்த ஊரில் யாராவது இருக்கிறார்களா?"

"என் தங்கச்சியக் குடுத்த ஊரு. புள்ள பெத்து நாப்பது நாளு நல்லாத்தான் இருந்தா. தீட்டுக் கழிஞ்சு எழுந்து நடமாடுனா. அந்த மாசமே பேதி வந்து போயிட்டா."

வண்டிக்காரர் மாட்டை அதட்டி ஊருக்குள் திருப்பினார்.

ஊரில் எங்களை வரவேற்றவர் ஊர்ப் பெரியவர் சங்கரலிங்கம் பிள்ளை. வாசலில் மாவிலை கட்டியிருந்தார்கள். நாங்கள் வருகிறோம் என்று இசக்கிமுத்து முன்பே கடிதம் போட்டிருந்தாராம். அதே கடிதத்தில் தண்ணீரைப் பெரிய பெரிய துரைமார்கள் சபையில் வைத்துப் பார்ப்பார்கள் என்றும் எழுதியிருந்தாராம். இசக்கிமுத்து ஆற்றுப் படித்துறைத் தண்ணீரை எடுக்கப் போனார். ஊர்க் குளம் என் பொறுப்பு.

இங்கேதான் நான் ஒரு தப்புச் செய்தேன். எங்கள் நிலையத்தில் முதல் நாளே சொல்லிக்கொடுக்கும் பாடம்: குப்பியை உன் கையாலேயே தண்ணீருக்குள் திற, உன் கையாலேயே மூடு, யாரிடமும் கொடுக்காதே. ஆனால் பிள்ளை வீட்டில் அன்று சொதி. தேங்காய்ப் பாலில் காய்கறி மிதக்க, பக்கத்தில் இஞ்சிப் பச்சடி. நான் சாப்பாட்டுக்கு அடிமை என்பது என் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்; அந்த வீட்டாருக்கும் ஐந்தே நிமிஷத்தில் தெரிந்துவிட்டது.

"நீங்க எதுக்குக் கொளத்துல எறங்கணும்? படி வழுக்கும்" என்றார் பிள்ளை. "பைய சாப்பிடுங்க. குப்பிய இங்கன குடுங்க, எந்தங்கச்சி நெறச்சுத் தருவா."

கொடுத்துவிட்டேன். மூன்று தரம் சொதி ஊற்றிக்கொண்டேன். சாப்பிட்டு ஒரு தூக்கம் போட்டு எழுந்தபோது குப்பி நிறைந்து, மூடி, பூ மாதிரி துணியில் சுற்றித் தயாராக இருந்தது. மாலை வண்டியில் பாளையங்கோட்டை திரும்பி, எல்லாக் குப்பிகளிலிருந்தும் துளித் துளியாகத் தட்டுகளில் விட்டுக் கூழை ஊற்றி மூடினேன். இந்தச் சீமை வெயிலில் கிருமிகள் வளர அடுப்பு வேண்டியதில்லை.

செவ்வாய், காலை ஒன்பது மணி. மகாநாடு ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் கூடியது. தாலுகா ஆஸ்பத்திரிக்காரர்கள், மிஷன் லேடி டாக்டர்கள் இருவர், தலைப்பாகையோடு ஜில்லா போர்டு அங்கத்தினர் ஒருவர், பின் வரிசைகளில் ஊர்க்காரர்கள். தூத்துக்குடித் துறைமுகத்தில் பிளேக் சோதனை, படிக்கிணறுகளில் பரவும் நரம்புச் சிலந்திப் புழு என்று இரண்டு உரைகள் ஆனதும் என் தட்டுகளை மேஜையில் வைத்தேன். முதல் ஊர்த் தட்டில் எண்பது புள்ளிகள் இருக்கும். ஒவ்வொரு புள்ளியும் கண்ணுக்குத் தெரியாத ஒரு கிருமியின் குடும்பம் என்று துரை விளக்கினார். இரண்டாம் ஊரில் அதைவிடக் கொஞ்சம் அதிகம். மூன்றாம் ஊரின் ஆற்றுத் தண்ணீரில் பத்துப் பன்னிரண்டுதான்; ஆனால் ஊரார் குடிப்பது குளத்துத் தண்ணீரை. அந்தத் தட்டைத் திறந்தேன்.

மூன்று புள்ளிகள். மூன்றே மூன்று.

போர்டு அங்கத்தினர் காகிதத்தில் ஏதோ அடித்துவிட்டார். இசக்கிமுத்து நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

பதினோரு மணிக்குப் பானகம் கொடுத்தார்கள். பின் வரிசையிலிருந்து சங்கரலிங்கம் பிள்ளை நெற்றி நிறைய விபூதியும் முகம் நிறையச் சிரிப்புமாக என்னிடம் வந்தார்.

"எப்படி சார்வாள்? ஊரு மானத்தக் காப்பாத்திட்டோம்லா?"

"காப்பாற்றினீர்களா? எப்படி?"

"பின்ன? அத்தன துரைமாரு பாக்கப்போற தண்ணி. அந்தக் கலங்கல அப்படியே அனுப்ப முடியுமா? எந்தங்கச்சி ரெண்டு நாளாப் பாடுபட்டா. தேத்தாங்கொட்டைய ஒரசித் தெளிய வச்சு, வேட்டியில வடிகட்டி, புதுப் பித்தளச் செம்புல ரெண்டு கொதி கொதிக்க வச்சு ஆற வச்சா. எங்க ஊருல புள்ள பெத்தவளுக்கு அப்படித்தான் குடுக்கது."

கையிலிருந்த பானகம் கசந்தது. அவர் ஏமாற்ற நினைக்கவில்லை. வீட்டுக்கு வருகிறவர்களுக்கு எப்படிக் கொடுப்பாரோ, அப்படிக் கொடுத்தார். அந்த மரியாதையால் அவர் ஊருக்குக் கிணறு இல்லாமல் போகப் போகிறது. அதைத் தடுக்க ஒரே வழிதான் உண்டு: குப்பியை நான் நிரப்பவில்லை என்று சபையில் சொல்ல வேண்டும். சொன்னால் பதினோரு வருஷ வேலை என்ன ஆகும் என்று தெரியவில்லை. எனக்கு இரண்டு பெண்கள். பானகம் குடித்து முடிகிறவரை யோசித்தேன். இசக்கிமுத்து அந்தப் பக்கம் சுவரைப் பார்த்து நின்றிருந்தார்.

போய்ச் சொல்லிவிட்டேன், சொதி உட்பட.

துரையின் முகம் சிவந்தது. மண்டபத்தில் யாரோ சிரித்தார்கள். அவர் இங்கிலீஷில் கேட்டது ஒன்றே ஒன்று: "கொதிக்க வைத்ததும் அதே குளத்துத் தண்ணீர்தானா?" அதேதான் என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சற்று நேரம் அந்த மூன்று புள்ளிகளையே பார்த்தார். பிறகு சொன்னார்: "இன்றைக்கே போய் உன் கையால் எடுத்து வா. வியாழக்கிழமை இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வை. இந்தத் தடவை சாப்பிடாமல் போ."

செவ்வாய், பிற்பகல் மூன்று மணி. மறுபடியும் இரண்டரை அணா, மறுபடியும் மூன்று மைல். குளத்தில் ஒரு பக்கம் எருமைகள், ஒரு பக்கம் துணி துவைப்பவர்கள், நடுவில் குடத்தைச் சாய்த்து மொள்ளும் பெண்கள். இரண்டாம் படியிலேயே வழுக்கி இடுப்பு வரை நனைந்தேன். கரையில் இருந்தவர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். குப்பியை மட்டும் விடவில்லை.

பிள்ளையின் தங்கை காந்திமதி அம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கரையில் நின்றார். ஐம்பது வயதிருக்கும்.

"அந்தக் கலங்கலயா சபையில வைக்கப் போறிய? எங்க ஊர இப்படிச் சந்தி சிரிக்க வைக்கணுமா?"

"நீங்கள் கொதிக்க வைத்ததையும் பக்கத்திலேயே வைக்கிறேன் அம்மா. நீங்களே வந்து பாருங்கள்."

"வாரேன். பாக்கத்தான் போறேன்" என்றார், சண்டைக்கு வருகிறவர் போல. சாப்பிடச் சொல்லி வற்புறுத்தினார். அன்று நான் சாப்பிடாமல் வந்ததை என் மனைவி இன்றுவரை நம்பவில்லை.

வியாழன், காலை பத்து மணி. கடைசி நாள். இரண்டு தட்டுகளையும் ஜன்னல் வெளிச்சத்தில் வைத்தேன். ஒன்றில் அதே மூன்று புள்ளிகள். மற்றொன்றில் எண்ண முடியவில்லை; புள்ளிமேல் புள்ளி ஏறித் தட்டே மூடிக்கிடந்தது. மற்ற இரண்டு ஊர்களும் இதன் பக்கத்தில் நிற்க முடியாது. ஒரே குளம், ஒரே ஊர், நடுவில் ஒரு அடுப்பு மட்டும். டாக்டர்கள் வரிசையில் நின்று பார்த்தார்கள். மிஷன் லேடி டாக்டர் ஒருத்தி இரண்டு தரம் வரிசையில் நின்றாள்.

காந்திமதி அம்மாள் வந்திருந்தார். யாரும் அவருக்கு விளக்கத் தேவைப்படவில்லை. ஒரு தட்டைப் பார்த்தார், மற்றதைப் பார்த்தார், மறுபடியும் முதலாவதைப் பார்த்தார்.

"அப்போ, பெத்தவளுக்கு நாப்பது நாளு கொதிக்க வச்சுக் குடுக்கோம். நாப்பத்தொண்ணாம் நாளு இத மொண்டு குடுக்கோம். வீட்டுல மத்தவுகளுக்கு எந்நாளும் இதத்தான் குடுக்கோம்."

இசக்கிமுத்து என் பக்கத்தில்தான் நின்றார். தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டு அழுதார். அவர் தங்கை நாற்பது நாள் நன்றாக இருந்தது ஏன் என்று அந்த மண்டபத்தில் எங்கள் இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

பிற்பகலில் போர்டு அங்கத்தினர் எழுந்து அந்த ஊருக்கே கிணறு என்று படித்தார். வெட்டிக் கட்டி முடிய ஒரு வருஷமாவது ஆகும் என்றும் சொன்னார். அதுவரை என்ன செய்வது என்று ஒருவர் கேட்டார். "அதுவரைக்கும் வெந்நீதான்" என்று பின் வரிசையிலிருந்து ஒரு பெண் குரல் வந்தது. துரைக்கு அதை மொழிபெயர்த்துச் சொன்னார்கள். அவர் எழுந்து நின்று தலை வணங்கினார். என் தப்பைப் பற்றி அதன்பின் யாரும் வாயைத் திறக்கவில்லை.

வெள்ளி, பிற்பகல். ஸ்டேஷனுக்கு இசக்கிமுத்துவும் பிள்ளையும் வந்தார்கள். நான் இதையெல்லாம் எழுதப்போகிறேன் என்றதும் பிள்ளை பதறினார்.

"எழுதுங்க, வேண்டாங்கல. ஊருப் பேர மட்டும் போட்டுராதிய. கெணறு வந்தப்புறம் வேணும்னா கொட்ட எழுத்துல போடுங்க."

பிறகு, வாயில் துணி கட்டிய செம்பு ஒன்றை ஜன்னல் வழியாக நீட்டினார்.

"தங்கச்சி குடுத்து விட்டா. பயப்படாமக் குடிங்க. காட்டுத தண்ணிதான்."

சபையில் காட்டிய தண்ணீர் என்பதால், ஊரில் கொதித்த தண்ணீருக்கு அதற்குள் அப்படிப் பெயர் வந்துவிட்டதாம். ரயில் பாலத்தைத் தாண்டியது. கடைசிச் சொட்டு வரை குடித்தேன்.

சனிக்கிழமை இரவு வீடு வந்து சேர்ந்தேன். மனைவி வழக்கம்போல் குழாயில் பிடித்து வைத்த தண்ணீரை டம்ளரில் கொண்டுவந்து கொடுத்தாள். பதினோரு வருஷமாக நிலையத்தில் ஒரு குப்பியைக்கூடக் கொதிக்க வைக்காமல் நான் எடுத்துக் கொடுத்ததில்லை. வீட்டிலோ என் பெண்கள் குடிப்பதை ஒரு நாளும் கொதிக்க வைக்கச் சொன்னதில்லை. வெட்கமாகத்தான் இருந்தது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, இனிமேல் குடிக்கிற தண்ணீரைக் கொதிக்க வைக்க வேண்டும் என்றேன்.

"ஏன், வீட்டில் யாருக்குப் பிரசவம்?" என்றாள்.

உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். இசக்கிமுத்துவின் தங்கையைப் பற்றிச் சொன்னபோது அவள் தூங்கிக்கொண்டிருந்த பெண்கள் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு எழுந்துபோய் அடுப்பைப் பற்றவைத்தாள்.

"ஒரு கொதியா, இரண்டா?" என்று உள்ளிருந்து கேட்டாள்.

"இரண்டு" என்றேன்.