ஊருணிக் கல்லை நகர்த்தியவள்

ஊருணிக் கல்லை நகர்த்தியவள் நான்தான். கடப்பாரையால் நெம்பி, வீட்டுக்காரரோடு சேர்ந்து உருட்டி, ஊருணிக்கு உள்பக்கமாக இருபது அடி தள்ளி நட்டேன். மூன்று வருடங்களாக யாரிடமும் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்... நீங்கள் எங்கள் ஊர்க்காரர் இல்லை என்ற தைரியத்தில்!

திருச்சுழி போகும் வழியில் இருக்கிறது எங்கள் ஊர். எங்கே கிணறு வெட்டினாலும் உப்புத் தண்ணீர்தான். குடிக்க ஊருணி ஒன்றுதான் கதி. செருப்பைக் கரையில் கழற்றிவிட்டுத்தான் எல்லோரும் அதில் இறங்குவோம்.

கரையை ஒட்டிய காட்டை ஒருவர் பிளாட் போட்டு விற்கத் தொடங்கியதும் ஊர் பயந்தது. கூட்டம் கூடி ஒரு விதி செய்தோம். ஊருணி நிறைந்தால் தண்ணீர் எதுவரை ஏறுமோ அங்கே ஒரு கல் நடுவது, அந்தக் கல்லிலிருந்து அறுபது அடிக்குள் எவரும் கக்கூஸ் குழி தோண்டக் கூடாது. வார்டு மெம்பரான நான்தான் முதலில் கை தூக்கினேன்.

பிறகு நானே அங்கே ஒரு பிளாட் வாங்கி வீடு கட்டினேன். மகனுக்குப் பெண் பார்த்திருந்தோம். கக்கூஸ் இல்லாத வீட்டுக்குப் பெண் தர மாட்டோம் என்றார்கள் பெண் வீட்டார். எப்படி அளந்தாலும் குழி நாற்பது அடியில்தான் விழுந்தது...

சித்திரை மாதம். ஊருணி வறண்டு வெடித்துக் கிடந்தது. ஊரே நூறு நாள் வேலைக்குப் போயிருந்த ஒரு பகலில் காரியத்தை முடித்தோம். காய்ந்த ஊருணியில் கல் எங்கே நின்றால் என்ன என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என்ன சமாதானம் அது! பஞ்சாயத்து கிளார்க் டேப்போடு வந்து அளந்தார். சரியாக அறுபது அடி. ஆவணியில் மருமகள் வந்தாள்.

ஐப்பசி மழையில் கல் முழுகிப்போனது. "இந்த வருசம் நல்ல மழை" என்று ஊர் பூரித்தது. அடுத்த தெரு முத்துலட்சுமி மட்டும் குடத்தை இடுப்பில் வைத்தபடி, கல் முழுகிய இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். எதைப் பார்த்தாள்?

அன்று பிடித்த சந்தேகம் இன்னும் என்னை விடவில்லை. வீட்டுக்காரர் டீக்கடையில் சிரித்துப் பேசினால், உளறிவிட்டாரோ என்று பக்கத்தில் போய் ஒட்டுக்கேட்கிறேன். குழி கட்டிய கொத்தனார் கும்பிட்டால், ஏன் இத்தனை பணிவு என்று தோன்றுகிறது.

தண்ணீர் நாறியது. பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு. ஊர் கூடியபோது, மற்றவர் வாய் திறக்குமுன் நான் திறந்தேன்.

"வரத்துக்கால் ஓரமா மாட்டக் கட்டிப்போட்டா தண்ணி எப்படி நல்லாருக்கும்?"

ஊருணிக்கு மழைத்தண்ணீர் வரும் அந்தக் கால்வாய் ஓரம் இரண்டு பசு வைத்திருந்தவள் முத்துலட்சுமி. புருஷன் இல்லாதவள், பால் விற்றுத்தான் பிழைப்பு. "சாணிய அன்னன்னைக்கே அள்ளிப்போடுறேனே மதினி..." என்று என்னைப் பார்த்துத்தான் சொன்னாள். ஒரே வாரத்தில் மாடுகள் சந்தைக்குப் போயின. இப்போது தினமும் பஸ் ஏறிப் போய் பந்தல்குடியில் ஓர் ஓட்டலில் பாத்திரம் கழுவிவிட்டு வருகிறாள்.

தெரிந்துதான் சொன்னேனா? ஆம், தெரிந்தேதான் சொன்னேன்!

அடுத்த இரண்டு வருடம் மழை ஏமாற்றியது. இந்த ஐப்பசியில் ஊருணி மறுபடி நிறைந்தது, நாற்றமும் வந்தது. மீண்டும் கூட்டம். என் வீட்டில் கேன் தண்ணீர் இறங்குவதை எவரேனும் கவனித்திருப்பார்களோ என்று ஒவ்வொரு முகமாக நோட்டம் விட்டேன். முத்துலட்சுமி எழுந்தாள்.

"எங்க மாடுதான் இப்ப இல்லையே. போன தடவ கண்டுபிடிச்சுச் சொன்னது நீங்கதான மதினி... இப்பவும் நீங்களே சொல்லுங்க. யாரா இருக்கும்?"

தெரிந்து கேட்டாளா, தெரியாமல் கேட்டாளா... அவள் முகத்திலிருந்து எதையும் படிக்க முடியவில்லை. எல்லோரும் என்னையே பார்த்தார்கள். யோசிப்பவள்போல் தலையைக் குனிந்துகொண்டேன்.

குனிந்தவள், மெய்யாகவே யோசிக்கத் தொடங்கினேன்... அடுத்து யார் பெயரைச் சொல்லலாம் என்று!