சோளகம் மழை தராது

மலாக்காவுக்குப் பக்கத்தில் தஞ்சோங் கிளிங் கடற்கரையில் பிப்ரவரி மாதம் வெயில். அந்த மணலில் செருப்பில்லாமல் போனவர் திரும்பி வர யோசிப்பார். ஏப்ரல் தொடங்கிச் சுமத்ராக் காற்று; விடியும் நேரத்தில் மேற்கிலிருந்து வரும், ஒரு மணி நேரம் மழையோடு அடிக்கும், இறுக்கிக் கட்டாததை எல்லாம் எடுத்துக்கொண்டு போகும். ஆகஸ்டில் வெள்ளைக்காரப் பிள்ளைகள் விடுமுறைக்கு வந்து தோல் உரிந்து போவார்கள். வருடக் கடைசியில் மழை, யாரும் வருவதில்லை. இஸ்லாமியரின் சபர் மாதத்தில் மலாய்க்காரர்கள் கம்பம் கம்பமாக, ஊரே திரண்டு, மாட்டு வண்டியிலும் லாரியிலும் வந்து கடலில் குளிப்பார்கள். அந்த மாதம் வருடத்துக்கு வருடம் கொஞ்சம் முந்தி வரும் என்பதால், அவர்கள் எல்லாப் பருவத்திலும் நனைந்து பார்த்தவர்கள். இதெல்லாம் அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். என் அப்பாவுக்கு மட்டும் தெரியாது.

அப்பா மலாக்காவில் அரசாங்க உத்தியோகத்தில் பெரிய கிளார்க். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இருபத்திரண்டு வருடமாகியும் அவருக்குப் பருவம் அங்கேதான் நடந்துகொண்டிருந்தது. வருடா வருடம் ஊரிலிருந்து பஞ்சாங்கம் தபாலில் வரும். இரண்டு ஊருக்கும் உள்ள நேர வித்தியாசத்தைக் கூட்டிக் கழித்து, சூரிய உதயம் முதல் இராகுகாலம் வரை எல்லாவற்றையும் சிவப்பு மையால் திருத்துவார். காற்றை மட்டும் திருத்த மாட்டார். வைகாசி முதல் ஆவணி வரை தென்மேற்கிலிருந்து வீசுவது சோளகம். சோளகம் மழை தராது. தெங்கேராவில் எங்கள் வீட்டு ஓடு சுமத்ராக் காற்றில் பறந்தபோது அதை விதிவிலக்கு என்றார். விதிவிலக்கு வருடத்துக்குப் பத்துப் பதினைந்து தடவை வந்தது.

அக்காவுக்கு அப்போது இருபத்தாறு வயது. இந்தக் காலத்தில் அது ஒரு வயதே இல்லை. அந்தக் காலத்தில் எங்கள் ஆட்கள் அதைத் தாழ்ந்த குரலில்தான் சொல்வார்கள். இரண்டு சம்பந்தம் வந்து தட்டிப் போயிருந்தது. மூன்றாவதாக வந்தவர் மூவார் ஆஸ்பத்திரியில் காயத்துக்கு மருந்து கட்டும் டிரெசர். பெண் பார்க்க வந்த அன்று அவர் எங்கள் அம்மாவிடம், "பிள்ளைக்கு விருப்பமோ எண்டு கேட்டனீங்களோ?" என்று கேட்டார். முன்பு வந்த இருவரும் சீதனத்தைத்தான் கேட்டார்கள். அன்று இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அக்கா என்னிடம், "இந்த ஆள் நல்லவர் போலக் கிடக்கு. இது சரிவந்தால் எனக்குப் பெரிய சந்தோசம்," என்றாள். அக்கா தன் வாயால் ஒன்று வேண்டும் என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்குப் பத்தொன்பது வயது; அவளுக்காக நேர்த்தி வைத்தேன்.

சாதகம் பொருந்தியது. ஆடி பிறப்பதற்கு முன் நிறைகுடம் வைத்து, இரண்டு வீட்டாரும் சம்மதம் சொல்லி, கல்யாணத்துக்கு நாள் வைக்க வேண்டும். அப்பா ஆனி மாதத்தில் ஒரு நாளையும் காலை ஏழு மணிக்கு ஒரு முகூர்த்தத்தையும் கண்டுபிடித்தார். இடமாக அவர் கண்டுபிடித்தது, துரைமார் ஓய்வுக்கு வந்து தங்கும் தஞ்சோங் கிளிங் பங்களா. ரப்பர் விலை விழுந்து துரைமார் பாதிப்பேர் கப்பலேறிவிட்டதால், அந்தப் பங்களா எங்களைப் போன்ற கிளார்க்குமாருக்கும் வாடகைக்குக் கிடைத்தது. மாப்பிள்ளை வீட்டார் எங்கள் ஒடுங்கின தெங்கேரா வீட்டைப் பார்ப்பதைவிடக் கடலைப் பார்ப்பது மேல் என்று அப்பா நினைத்தார்.

நாங்கள் முதல் நாளே போய்ச் சேர்ந்தோம். பங்களாவின் கூடத்துக்குள் கால் வைத்ததும் அப்பா நின்றுவிட்டார். சுவர் முழுக்கத் தலைகள். நான்கு மான், இரண்டு காட்டெருமை, ஒரு பன்றி. துரைமார் சுட்டுக் கொண்டுவந்து மாட்டியவை. பிறந்தது முதல் மச்சம் மாமிசம் தொடாத மனிதர் அந்தப் பன்றியையும், பன்றி அவரையும் கொஞ்ச நேரம் பார்த்தபடி நின்றார்கள்.

"செத்த மிருகத்துக்குக் கீழ நிறைகுடம் வைக்கேலாது. வெளியில, மணலில வைப்பம்," என்றார் அப்பா.

பங்களாக் காவல்காரர் தஞ்சாவூர்ப் பக்கத்து ஆள். பதினெட்டு வருடமாக அங்கேயே இருந்தவர். "ஐயா, கோவிச்சுக்காதீங்க. இது சுமத்ரா மாசம்லா. காலையில அடிச்சாலும் அடிக்கும். தலைங்க மேல வெள்ளைத் துணி போட்டு மூடித் தர்றேன், உள்ளேயே வெச்சுக்குங்க," என்றார்.

"மூடினால் பன்றி இல்லையெண்டு ஆகுமோ? இது சோளகம். மழை தராது. எங்கட ஊரில சின்னப் பிள்ளைக்கும் தெரியும்."

அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "எங்கட ஊர் எங்க, இந்த ஊர் எங்க? கப்பலில வரேக்க காத்தையும் மூட்டை கட்டிக் கொண்டுவந்தனீங்களோ?" என்றாள். அப்பா மணலில் மேசைக்கு இடம் பார்க்கப் போய்விட்டார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்றால், நாலாவது காலை அறுத்துவிட்டாவது கணக்கைச் சரிபண்ணுகிற ரகம் அவர்.

விடிந்தபோது கடல் எண்ணெய் ஊற்றினது போல அசையாமல் கிடந்தது. அப்பா அதை எங்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சுட்டிக் காட்டினார். சவுக்கு மரத்தடியில் மேசை போட்டு, வெள்ளை விரித்து, நெல் பரப்பி, மாவிலையும் தேங்காயும் செருகிய நிறைகுடம் வைத்து, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு ஏற்றினோம். ஆறரைக்கு மாப்பிள்ளையும் அவருடைய தாயாரும் வாடகைக் காரில் வந்து இறங்கினார்கள். தாயார் விதவை, ஒற்றைப் பிள்ளையை வளர்த்து ஆளாக்கியவர். கடலைப் பார்த்து, "நல்ல காத்தோட்டம்," என்றார். அக்கா சிவப்புப் பட்டுச் சேலையில் வந்து உட்கார்ந்தாள். அவள் அவ்வளவு அழகாக இருந்து நான் பார்த்ததில்லை.

ஏழு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது காவல்காரர் ஓடி வந்தார். "ஐயா, மேற்க பாருங்க!"

மேற்கே கடலுக்கு மேல் கறுப்பாக ஒரு வளைவு, வானத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை. அடியில் கடல் வெளுத்திருந்தது.

"இன்னும் கால் மணி கூட ஆகாது. மேசையைத் தூக்கிடலாம் ஐயா, நாலு பேர் போதும்."

அப்பா அந்தக் கறுப்பைப் பார்த்தார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "முகூர்த்தத்துக்குப் பத்து நிமிசம் கிடக்கு. வைச்ச நிறைகுடத்தை அசைக்கக் கூடாது. அந்தக் கறுப்பு அங்காலயே, கடலோடயே போயிடும்," என்றார்.

அது அங்காலே போகவில்லை. முதலில் குளிர் வந்தது, பிறகு மணல் வந்தது, பிறகு எல்லாம் சேர்ந்து வந்தது. விளக்கு இரண்டும் ஒரே மூச்சில் நூந்தன. வெள்ளைத் துணி பலகாரத் தட்டுகளோடு எழுந்து பங்களாக் கூரைப் பக்கம் போயிற்று. மாப்பிள்ளை பாய்ந்து தாயார் உட்கார்ந்திருந்த கதிரையைப் பிடித்தார். அக்கா ஒருத்திதான் நிறைகுடத்தை இரண்டு கையாலும் பிடித்தாள். மேசையே சரிந்தபோது அவள் என்ன செய்வாள்? குடம் உருண்டு தண்ணீர் மணலில் போனது. தேங்காய் கடலை நோக்கிப் போனது.

எல்லோரும் கூடத்துக்குள் ஓடினோம். பன்றித் தலைக்குக் கீழே நின்று சேலையைப் பிழிந்துகொண்டிருந்தோம். மாப்பிள்ளையின் தாயார் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "கார்க்காரனைக் கூப்பிடுங்கோ," என்றார்.

அப்போது அப்பா கூடத்து நடுவில் அந்தத் தாயார் முன்னால் வந்து நின்றார். வேட்டியிலிருந்து தண்ணீர் சொட்டியது. "அம்மா, ஒரு சொல்லுக் கேளுங்கோ. பிழை என்ர. காவல்காரன் நேற்றும் சொன்னவர், இப்பவும் சொன்னவர். என்ர மனுசியும் சொன்னவ. நான் கேட்கேல்லை. இது சகுனம் இல்லை, என்ர பிடிவாதம். பிள்ளையில ஒரு குறையும் இல்லை," என்றார்.

எங்கள் வீட்டில் அப்பா தன் பிழை என்று சொல்லி யாரும் கேட்டதில்லை. அம்மா பிழிந்துகொண்டிருந்த சேலைத் தலைப்பை அப்படியே விட்டுவிட்டாள். எனக்கு அவர் மேல் இருந்த ஆத்திரத்தில் பாதி அந்த இடத்திலேயே போயிற்று. மற்றப் பாதி இன்றைக்கும் இருக்கிறது.

"நீங்கள் சொல்லுறது விளங்குது," என்றார் அந்த அம்மா. குரலில் கோபம் இல்லை. "ஆனால் எனக்கு இருக்கிறது ஒண்டே ஒண்டு. நிறைகுடம் சரிஞ்சது சரிஞ்சதுதானே."

"அம்மா..." என்றார் மாப்பிள்ளை.

"வா தம்பி."

அவர் அக்காவை ஒரு தடவை பார்த்தார். பிறகு தாயாருக்குக் குடை பிடித்துக்கொண்டு போனார். குடை காற்றில் மடங்கியது.

எட்டரை மணிக்கு வெயில் வந்துவிட்டது. வானம் கழுவி வைத்தது போல நீலமாக இருந்தது. எனக்கு அதைப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது. பங்களாவின் இரண்டாவது அறையில் தங்கியிருந்த சீனக் குடும்பம் வாளியும் கையுமாகக் கடலுக்குக் குளிக்கப் போயிற்று. அக்கா குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, தண்ணீரை இறைத்து இறைத்து ஊற்றினாள். அந்தச் சத்தத்துக்கு மேலும் அவள் அழுதது கேட்டது. அம்மா கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்திருந்தாள். நான் மணலில் சிந்திக் கிடந்த நெல்லைப் பொறுக்கினேன். எதற்கு என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

அப்பா வெளிவராந்தாவில் ஈர வேட்டியோடு மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தார். காவல்காரர் துவாய் கொண்டுவந்து கொடுத்தார். மடியில் வைத்துக்கொண்டார், துடைக்கவில்லை. அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள், அசையவில்லை. நான் அவர் பக்கம் போகவே இல்லை.

மூன்று மணிக்கு அக்கா பழைய நூல் சேலை கட்டிக்கொண்டு, கோப்பி போட்டு எடுத்துப் போய் அவர் முன்னால் நின்றாள். முகம் வீங்கியிருந்தது. அப்பா கையை நீட்டவில்லை. தலையையும் நிமிர்த்தவில்லை.

"பிள்ளை, உன்ர வாழ்க்கையை நான் கெடுத்துப் போட்டனே," என்றார்.

அக்கா கொஞ்சம் யோசித்தாள்.

"ஓம் அப்பா, கெடுத்துத்தான் போட்டியள்," என்றாள். "கோப்பி ஆறுது. குடியுங்கோ."