மெசினைக் கழுவிய ஞாயிறு

மகளின் வெள்ளைச் சீருடையில் கறுப்பாகத் துணுக்குத் துணுக்காய் ஏதோ ஒட்டியிருந்தது. தட்டினால் போகவில்லை. நகத்தால் சுரண்டினால் மை மாதிரி இழுபட்டது. அன்றுதான் துவைத்துக் காயப்போட்ட உடுப்பு.

"இதப் போட்டுக்கிட்டு நான் பள்ளிக்கூடம் போகமாட்டேம்மா. நாறுது," என்றாள்.

மோந்து பார்த்தேன். அவள் சொன்னது சரிதான். துணி துவைக்கிற மெசினின் மூடியைத் திறந்தால் அதே நாற்றம் முகத்தில் அடித்தது. எனக்கு இருந்தது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதையும் இந்த மெசினுக்குக் கொடுக்க வேண்டுமா என்று நினைத்தபோதே முதுகு வலித்தது.

மெசின், என் கணவரின் தங்கை குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போன புதிதில் அனுப்பிய காசில் வாங்கியது. ஒரு பக்கம் துவைக்க, மறுபக்கம் பிழிய, இரண்டு தொட்டி உள்ளது. கணவர் ரப்பர் மலையில் பால் வெட்டுகிறவர். நான் கீழ்மலையில் தேயிலைக் கொழுந்தெடுக்கிறேன். எங்கள் உடுப்பில் ஒட்டுப்பாலும் சேறும் இல்லாத நாளே கிடையாது. ஓடையிலிருந்து குழாயில் வருகிற தண்ணீரும் மழை பெய்தால் செம்மண் கரைசல்தான். அத்தனையையும் அந்த மெசின் வருஷக்கணக்காக விழுங்கியிருந்தது. அதைக் கழுவ வேண்டும் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

நாத்தனார் குவைத்திலிருந்து வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. ஒப்பந்தம் முடிவதற்கு முன்பே வந்துவிட்டாள். ஏன் என்று கேட்டால், "போதும்னு வந்துட்டேன் அண்ணி" என்பாள். பகலெல்லாம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருப்பாள். இருமுவாள். தன் துணியை மட்டும் குழாயடிக்கு எடுத்துப்போய்க் கையால் துவைப்பாள். வீட்டில் மெசின் இருக்க எதற்கு இந்தப் பாடு என்று எனக்கு உள்ளுக்குள் எரிச்சல்தான். கேட்கவும் தெம்பில்லை.

அந்த ஞாயிறு, சமைக்கிற குசினியின் ஓரத்தில் இருந்த மெசினை வெளிச்சத்துக்கு இழுத்துவைத்தேன். தொட்டியின் அடியில் சுழலும் தட்டை ஒரு திருகாணி பிடித்திருந்தது. துருவேறிப்போன ஆணி. தேங்காய் எண்ணெய் விட்டு, ஊறவைத்து, இரண்டு கையாலும் திருகியபோதுதான் அசைந்தது. தட்டின் விளிம்பில் கம்பியைக் கொக்கி மாதிரி வளைத்து மாட்டித் தூக்கினேன்.

கீழே இருந்ததைப் பார்த்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். சாக்கடை அடைத்ததுபோலக் கறுப்புச் சளி. அதில் தலைமயிர், சட்டைப் பித்தான், சுருண்டு கிடந்த ஒட்டுப்பால். பழைய பல்துலக்கியால் வழித்து வழித்து வாளியில் போட்டேன். சல்லடைப் பையைக் கழற்றி உதறினேன். குனிந்தே இருந்ததில் இடுப்பு விட்டுப்போயிற்று. பிறகு தட்டை மாட்டி, சுடுதண்ணீர் ஊற்றி, ஊறுகாய்க்கு வாங்கிய ஒரு போத்தல் புளிப்பு வினாகிரியையும் விட்டு ஓடவிட்டேன். நாற்றம் குறைந்தது, முழுதாகப் போகவில்லை. கழிவறைக்கு வாங்கிவைத்த குளோரின் ஞாபகம் வந்தது. அதையும் ஊற்றிவிட்டால் ஒரேயடியாக முடியும் என்று அந்தப் போத்தலின் மூடியைத் திறந்தேன்.

"அண்ணி, ஊத்தாதீங்க!"

அவள் வாசற்படியில் நின்றாள். ஓடிவந்து என் கையிலிருந்த போத்தலைப் பிடுங்கினாள்.

"உள்ள வினாகிரி மணக்குது. ரெண்டையும் ஒன்னா ஊத்தக் கூடாது. நெஞ்சு அடைச்சிரும்."

"யாரு சொன்னது?"

"யாரும் சொல்லல. நான் ஊத்திருக்கேன்."

பக்கத்தில் குந்திக்கொண்டாள். அவளாகவே சொன்னாள்.

"மெசின் இருந்த ரூம்லதான் என்னையும் படுக்க வச்சாங்க. ஜன்னல் கிடையாது. மெசின் நாறுதுன்னு மேடம் ஏசினாங்க. சீக்கிரமா முடியட்டும்னு ரெண்டையும் ஊத்திட்டேன். கண்ணு எரிஞ்சிச்சு. நெஞ்ச யாரோ கையால பிடிச்சு நசுக்குற மாதிரி. கதவு வரைக்கும் வந்தது தெரியும். அப்புறம் தரையில கெடந்தேன்."

"ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகலையா?"

"குடிக்கத் தண்ணி குடுத்தாங்க. அன்னைக்கு சாயங்காலமே எந்திரிச்சு சமைச்சேன். அதுக்கப்புறம்தான் இந்த இருமல். படி ஏறினா மூச்சு வாங்குது. வேலை செய்ய முடியலன்னதும் டிக்கெட் போட்டு அனுப்பிட்டாங்க."

ஈரத்தில் வந்த இருமல் என்று நாங்கள் கொத்தமல்லி அவித்துக் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

குளோரினை மூடி அப்புறம் வைத்தேன். மெசின் தண்ணீரை இறக்கிவிட்டு, வெறும் சுடுதண்ணீரில் இன்னும் இரண்டு தடவை ஓடவிட்டேன். அவள் மெசினைத் தொடவில்லை. ஆனால் அடுப்பிலிருந்து தண்ணீரைத் தூக்கி வந்து கொடுத்தாள். கடைசித் தண்ணீர் தெளிவாகவே இறங்கியது.

கணவர் வந்ததும் சொன்னேன். "நாளைக்கே பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ" என்றார், என்னிடம்.

மறுநாள் நான் வேலைக்குப் போகவில்லை. இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் பகல் வரை மர வாங்கிலேயே உட்கார்ந்து காத்திருந்தோம். டாக்டர் சிங்களத்தில் கேட்டதற்கெல்லாம் அவளே சிங்களத்தில் பதில் சொன்னாள், அந்த ஜன்னலில்லாத அறையைப் பற்றியும். நெஞ்சில் குழல் வைத்துப் பார்த்தார். புகை பட்டு மூச்சுக்குழாய் புண்பட்டிருக்கிறது, நாளாகும், ஆனால் குறையும் என்றார். வாயில் வைத்து இழுக்கிற மருந்து கொடுத்தார்கள்.

திரும்பும்போது பஸ்ஸில் இடம் கிடைத்தது. அவள் என் தோளில் சாய்ந்தாள். அப்படியே நானும் தூங்கிப்போயிருக்கிறேன். "நங்கி, பஹின்ன, பஹின்ன" என்று கண்டக்டர் இறங்கச் சொல்லித் தட்டியபோது எங்கள் தோட்டத்துச் சந்தியைத் தாண்டிக் குருவிட்ட டவுனுக்கே வந்துவிட்டோம்.

"இப்ப என்ன அண்ணி செய்றது?"

"ஒரு பிளேன்டீ குடிப்போம்," என்றேன். "வந்தது வந்துட்டோம்."

கடையில் உட்கார்ந்தோம். வெளியே மழை பிடித்துக்கொண்டது. தோட்டத்துப் பக்கம் திரும்பிப் போகிற பஸ் வந்து, போயிற்று. இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.