சுக்கான் படுத்த மெத்தை

இரண்டு பெருவிரல் நகங்களுக்கிடையில் ஒரு தெள்ளு நசுங்கும்போது எழுகின்ற சத்தம் மிகச் சிறியது. நமத்துப்போன தீக்குச்சி ஒன்று பெட்டியில் உரசிப் பற்றாமல் போகிறபோது வருமே, அதைவிடவும் சிறியது. ஆனால் அந்தச் சத்தத்தைக் கேட்டு வளர்ந்த காது அதை எந்த இரைச்சலுக்குள்ளும் பிரித்தெடுத்துவிடும். சென்ற மாதம் எங்கள் வீட்டுப் பூனையின் கழுத்து மயிரை விலக்கி, கறுப்பு மிளகுத்தூள் போல ஓடிய ஒன்றைப் பிடித்து நகத்தில் வைத்து அழுத்தியபோது அது மறுபடி கேட்டது. உடனே மூக்கில் ஒரு புகை ஏறியது. வீட்டில் எங்கும் அடுப்பு எரியவில்லை. அது பழைய புகை.

திருக்கோணமலைத் துறைமுகத்தை ஒட்டிய ஒரு ஒழுங்கையில் எங்கள் வீடு இருந்தது. வாப்பா, வெளிக்கடலில் நங்கூரமிட்ட கப்பல்களுக்கு ஆட்களை ஏற்றி இறக்கும் லோஞ்சில் வேலை செய்தார். கோதுமை கொண்டுவந்த ஏதோ ஒரு கப்பலிலிருந்து, சட்டைக்குள் மார்போடு அணைத்து அவர் கொண்டுவந்த குட்டிதான் எங்கள் பூனை. நடக்கும்போது அதன் வால் நிமிர்ந்து, கப்பலைத் திருப்பும் சுக்கான்போலப் பக்கத்துக்குப் பக்கம் திரும்பும் என்பதால் அதற்குச் "சுக்கான்" என்று பெயர் வைத்தார். கப்பலின் இரும்புத் தளத்தில் பிறந்ததாலோ என்னவோ அதற்கு மண் பிடிக்கவில்லை. வாசற்படி வரை வரும், முன்னங்கால் ஒன்றை நீட்டி ஈர மணலைத் தொடும், சுட்டதுபோல இழுத்துக்கொண்டு உள்ளே ஓடிவிடும். வளவில் எத்தனை ஓணான் ஓடினாலும் யன்னற்கட்டையில் இருந்து பார்ப்பதோடு சரி. வாப்பா படுக்கும் தும்பு மெத்தையின் கால்மாட்டில் அதற்கு ஒரு இடம் இருந்தது.

அந்த ஆண்டு மாரி தொடங்கிய கையோடு வாப்பா மௌத்தானார். லோஞ்சில் நின்றபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவரைக் கரைக்குக் கொண்டுவந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. கணவனை இழந்த பெண் குறித்த காலம் முடியும்வரை வெள்ளை உடுத்து, வாசற்படி தாண்டாமல், அந்நிய ஆண்களின் கண்ணில் படாமல் இருப்பதை எங்களவர்கள் "இத்தா" என்பார்கள். உம்மா இத்தாவுக்குப் போனா. நடு அறைக்குத் திரைச்சீலை தொங்கியது. கட்டிலில் வாப்பாவின் மெத்தை விரித்தபடி கிடக்க, உம்மா கீழே பாய் போட்டுப் படுத்தா. மெத்தையின் நடுவில், வாப்பாவின் உடல் நெடுங்காலம் அழுத்தியதால் உண்டான ஒரு குழி இருந்தது. சுக்கான் கால்மாட்டை விட்டெழுந்து அந்தக் குழிக்குள் சுருண்டுகொண்டது.

வாசலைத் தாண்டாத இருவர் ஒரே அறைக்குள் ஆகிவிட்டார்கள். பள்ளிக்கூடத்தால் வந்து திரைச்சீலையை நீக்கிப் பார்க்கும்போதெல்லாம் உம்மாவின் ஒரு கை பூனையின் முதுகிலும் மறு கை மெத்தையின் விளிம்பிலும் இருக்கும். டீசலும் கடலுப்பும் வெள்ளிக்கிழமை அத்தரும் கலந்த வாப்பாவின் மணம் அந்தத் தும்பில் இறங்கிக் கிடந்தது. பத்து வயது எனக்கு. கட்டிலோரம் போய் நின்று நானும் களவாக மூச்சிழுத்துக்கொள்வேன்.

பிறகு தெள்ளு வந்தது.

எங்கிருந்து வந்தது என்று இன்றைக்கும் தெரியாது. வாப்பாவுக்காகக் கத்தம் ஓத வந்தவர்கள் இருக்க ஊரெல்லாம் இரவல் வாங்கி விரித்த பாய்களில் வந்திருக்கலாம். கத்தச் சோற்றுக்கு வாங்கி, மழைக்காகக் குசினிக்குப் பக்கத்தில் கட்டிவைத்த ஆட்டில் வந்திருக்கலாம். முதலில் கணுக்காலில் சிவந்த புள்ளிகள். பிறகு சுக்கான் உட்கார்ந்தால் சொறிந்தது, எழுந்தால் சொறிந்தது, சாப்பாட்டுக் கோப்பையில் வாயை வைத்தபடியே பின்னங்காலைத் தூக்கிச் சொறிந்தது. நடை பழகிக்கொண்டிருந்த தம்பியின் கால்களில்தான் அதிகம். அவன் சொறிந்த இடமெல்லாம் புண்ணாகி, புண்ணெல்லாம் சீழ் வைத்து, காய்ச்சலும் வந்தது. மருந்தெடுக்கப் போன இடத்தில், "வீட்டில் பூனை நிற்குதா?" என்று கேட்டார்களாம்.

அது போதுமாக இருந்தது மாமாவுக்கு. உம்மாவின் மூத்த காக்கா, அண்ணன் அவர். தோப்பூரில் வயல் செய்பவர், எங்களுக்குத் துணையாக வந்து தங்கியிருந்தார். அடுத்த முறை ஊருக்குப் போய்த் திரும்பியபோது ஒரு வெறும் நெல்லுச் சாக்கோடு வந்தார். அதைக் குசினி ஆணியில் மாட்டினார்.

"கிண்ணியாத் துறைக்கு அங்கால கொண்டுபோய் விட்டிட்டு வாறன். மீன் தின்னி, பொழைச்சுக்கும்."

"வாசலையே தாண்டாத பூனை காக்கா," என்றது திரைச்சீலைக்குள்ளிருந்து உம்மாவின் குரல்.

"அப்ப நல்லதாப் போச்சு. திரும்பி வராது."

"அது அவர் நெஞ்சில வெச்சுக் கொண்டந்தது."

"உன்ட புள்ளையும் அவர்ர புள்ளதான், தங்கச்சி. அவன்ட காலைப் பாத்தியா?"

மாமா கல்நெஞ்சர் இல்லை. தம்பியின் புண்ணுக்கு மருந்து பூசும்போது அவர் கண் கலங்குவதை நான் பார்த்திருக்கிறேன். அதனால்தான் அந்தச் சாக்கைக் கண்டு எனக்கு அவ்வளவு பயம். கெட்டவர் ஒருவர் மாட்டியிருந்தால் ஒளித்து வைத்திருப்பேன்.

உம்மாவின் தங்கை, அடுத்த வளவில் இருந்த சாச்சி, சண்டை போட்டுத் தவணை வாங்கினா. "எனக்குக் கொஞ்ச நாள் தாங்க காக்கா. தெள்ளு எடுத்துக் காட்டுறன்." மாமா பூனைக்கு மண்ணெண்ணெய் தடவலாம் என்றார். "நக்கிப்போட்டுச் செத்துப்போகும். பிறகு பாவம் உங்கட தலையில" என்று சாச்சி போத்தலைப் பிடுங்கிவிட்டா. சவர்க்காரம் போட்டுச் சுக்கானைக் குளிப்பாட்டினா. அது சாச்சியின் கையைக் கீறிய கீறல்களை எண்ண ஏலாது. நான் பேன் சீப்பால் வாரி எடுக்க, வந்த தெள்ளுகளைச் சவர்க்காரத் தண்ணீர்ப் பேசினில் தட்டுவோம். தப்பிப் பாய்பவற்றுக்கு நகம். டிக், டிக் என்று நாள் முழுக்க. தரைக்கு உப்பு, மூலைகளுக்கு வேப்பிலை. குளித்த சுக்கான் வெயிலில்லாத வெளியை யன்னலால் பார்த்துவிட்டு, நேரே போய் மெத்தைக் குழிக்குள் படுக்கும். மறுநாள் மறுபடி சொறியும்.

"ராத்தா, அந்த மெத்தையையும் ஒருக்கா வெளிய எடுத்துத் தட்டினா என்ன?" என்று சாச்சி கேட்டா.

"மழை."

"மழை விட்ட நேரம்."

"அதில ஒண்டும் இல்ல."

உம்மாவின் வெள்ளைச் சேலையில் பழுப்பும் சிவப்புமாகப் புள்ளிகள் விழத் தொடங்கின. இந்த உடுப்போடு தொழுகை கூடுமா என்று உம்மாவுக்குச் சந்தேகம் வந்தது. மாமா பள்ளிவாசல் லெவ்வையிடம் கேட்டு வந்தார். தெள்ளு ரத்தம் மனிதனால் தவிர்க்க முடியாதது, மார்க்கம் அதை மன்னித்திருக்கிறது என்று அவர் சொன்னாராம். நல்ல செய்திதான். ஆனால் உம்மா அதைக் கேட்ட விதம் வேறு. முகத்தில் அத்தனை நாள் இல்லாத தெளிச்சி வந்தது. "அப்ப இதால ஒரு குத்தமும் இல்லத்தானே" என்று சொல்லி மெத்தை விளிம்பில் கையை வைத்துக்கொண்டா.

அதே கிழமை ஒழுங்கைக்கு "மலேரியாக்காரர்" வந்தார்கள். வீடு வீடாக நுழைந்து நுளம்புக்கு மருந்தடிப்பவர்கள் அவர்கள். முதுகில் தகரத் தாங்கி, நெடிய குழாய், தூரத்திலிருந்தே தொண்டையைப் பிடிக்கும் நாற்றம். அவர்கள் அடித்துப்போன வீடுகளில் மூட்டைப்பூச்சியும் தெள்ளும் கொஞ்சநாள் அடங்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். சாச்சி சுக்கானையும் தம்பியையும் தன் வீட்டுக்குத் தூக்கிப்போனா. கதிரை, அலுமாரி எல்லாவற்றையும் சுவரிலிருந்து இழுத்துவைத்தோம். நடு அறை மட்டும் திரைச்சீலையோடு மூடிக் கிடந்தது.

"இத்தா இருக்கிற அறைக்குள்ள அன்னிய ஆம்பிளையள் வரப்படாது," என்றா உம்மா.

"நீ குசினிக்குள்ள போய்க் கதவைச் சாத்து. அஞ்சு நிமிசம். வாசலைத் தாண்டச் சொல்லல்லயே," என்றார் மாமா.

"ஏலாது காக்கா."

சாச்சிக்குக் கோபம் வந்துவிட்டது. "இத்தா உங்களுக்குத்தான் ராத்தா, தெள்ளுக்கில்ல!"

மருந்துத் தாங்கியோடு நின்ற மனிதர் தலையைக் குனிந்துகொண்டு, பரவாயில்லை, அந்த அறையை விட்டுவிடுகிறோம் என்று சொல்லிப் போனார். வீடு முழுவதும் நாறியது. தப்பிய தெள்ளெல்லாம், நாறாத ஒரே அறையில் வேலையைத் தொடர்ந்தன.

மருந்து மணம் அடங்கும்வரை சுக்கான் சாச்சி வீட்டிலேயே இருக்கட்டும் என்று முடிவாயிற்று. அது அங்கே அலுமாரிக்கடியில் புகுந்து, தின்னாமல், வேலிக்கு இந்தப் பக்கம் கேட்கிற மாதிரிக் கத்திக்கொண்டிருந்தது. உம்மாவும் சரியாகச் சாப்பிடவில்லை. இனி அப்படியே துறைக்குக் கொண்டுபோய்விட்டால் வீண் அழுகை இல்லை என்று மாமா சாக்கை ஆணியிலிருந்து எடுத்து உதறினார். நாளைக் காலை என்றார்.

அன்று பள்ளிக்கூடம் விட்டு வந்தவள் வாசலிலேயே அதைக் கேட்டு, சப்பாத்தை மட்டும் கழற்றி எறிந்துவிட்டு, காலுறையான வெள்ளை மேசோடு நேரே திரைச்சீலைக்குள் ஓடினேன். சாக்கைப் பற்றி உம்மாவிடம் சொல்லி எப்படியாவது தடுக்க வேண்டும். கட்டிலோரம் நின்று மூச்சு வாங்கச் சொல்லிக்கொண்டிருந்தபோது உம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தா. குனிந்து பார்த்தேன். கணுக்காலுக்குமேல் வரை மேசில் கறுப்புக் கறுப்பாகப் புள்ளிகள், எல்லாம் அசைந்தன. சில நெளிந்து ஏறின, சில பாய்ந்து பாவாடைக்குப் போயின. பூனை அந்த அறையை விட்டுப்போய் நாட்கள் ஆகியிருந்தன.

நான் கத்தியிருக்க வேண்டும். மாமா ஓடிவந்தார், வேலியால் சாச்சி வந்தா. என் கால் மேசைப் பார்த்தார்கள். மாமாவின் கையில் இன்னும் சாக்கு இருந்தது.

உம்மா மெத்தையின் ஒரு மூலையைத் தூக்கினா. அடியில், கட்டில் பலகை இடுக்குகளில், கறுத்த தூளும் உப்புப்போல வெண்மணிகளும் வரிவரியாகக் கிடந்தன. வாப்பாவின் மணத்துக்கு அடியில் இவ்வளவும் பொரித்துக்கொண்டிருந்திருக்கின்றன.

"வெயில் கண்டதும் காயப்போடுவம்," என்றார் மாமா, முதன்முறையாகத் தாழ்ந்த குரலில். "சுடுதண்ணி தெளிச்சுத் தட்டினா..."

"காயப்போட்டா மணம் போயிரும்," என்றா உம்மா. "மணம் போனா அது வெறும் தும்புதானே காக்கா. எரியுங்க."

மற்றவர்கள் கை வைக்க விடவில்லை. தனியாகவே மெத்தையைக் கட்டிலிலிருந்து இழுத்து விழுத்தினா. நடு அறையிலிருந்து கூடத்துக்கு, கூடத்திலிருந்து பின்வாசலுக்கு, இரண்டு கைகளாலும் பின்பக்கமாக இழுத்துக்கொண்டே போனா. தும்பு தரையில் உரசும் சத்தம் யாரையோ இழுத்துப்போவதுபோலக் கேட்டது. வாசற்படியில் குதிக்கால் முட்டியதும் நின்றா. அதற்கு அப்பால் போக முடியாது. மாமா வெளியே இறங்கி மறுமுனையைப் பிடித்தார். உம்மாவின் விரல்கள் உடனே விடவில்லை. பிறகு விட்டன.

மழை விட்டிருந்த அந்தப் பின்நேரத்தில், ஈரத் தும்பு சுலபத்தில் பற்றாமல், பற்றியபின் சுலபத்தில் அணையாமல், வளவின் கோடியில் புகைந்துகொண்டே இருந்தது. கடற்காற்று அதைத் திருப்பி வீட்டுக்குள் கொண்டுவந்தது. உம்மா யன்னலைச் சாத்தவில்லை.

தெள்ளு அதோடு ஒழிந்துவிடவில்லை. இடுக்குகளில் கிடந்த முட்டைகள் பொரிக்கப் பொரிக்கப் புதிதாய் வந்தன. தினமும் தும்புத்தடியால் கூட்டி, குப்பையை எரித்து, பலகைகளுக்குக் கொதிநீர் ஊற்றி, துணியெல்லாம் அவித்து, சுக்கானை வாரி, மாரி முடியும் மட்டும் அதுவே வேலை. தம்பியின் புண்கள் மெல்லக் காய்ந்தன. சாச்சி வீட்டிலிருந்து திரும்பிய சுக்கான் வெறும் கட்டிற் பலகையில் ஏறிச் சுற்றிச் சுற்றி மணந்து பார்த்தது, குழியைத் தேடியது, இறங்கியது. கடைசியில் குசினி மூலையில் கிடந்த நெல்லுச் சாக்கில் போய்ச் சுருண்டது.

"அடேய், உன்னைக் கட்டிக் கொண்டுபோகக் கொண்டந்த சாக்குடா அது!" என்றார் மாமா. ஆனால் தோப்பூருக்குத் திரும்பும்போது அதை எடுத்துப்போகவில்லை.

இன்று அந்த ஒழுங்கையில் எங்கள் வீடு இல்லை. கிண்ணியாவுக்குப் பாலம் வந்து படகுத் துறையும் போயிற்று. மருந்துத் தாங்கி சுமந்தவர்களைக் கண்டு எவ்வளவோ காலம். மாமாவும் சாச்சியும் மையவாடியில் அடங்கிவிட்டார்கள். இப்போதைய எங்கள் பூனைக்குக் கழுத்தில் விடும் சொட்டு மருந்தைத் தந்த மிருக வைத்தியர், "பூனையில நிக்கிறது கொஞ்சம்தான், மிச்சமெல்லாம் உங்கட வீட்டுக்குள்ள. படுக்கைத் துணியளைக் கொதிதண்ணியில அவியுங்கோ" என்றார். எனக்குத் தெரியும் என்று சொல்ல வாய் வந்தது. மருந்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

உம்மா இப்போது என்னோடு இருக்கிறா. பார்வை மங்கிவிட்டது; பூனையை மடியில் வைத்து விரலாலேயே தடவித் தெள்ளுப் பார்ப்பா. வைத்தியரிடம் போய்வந்த அன்று பக்கத்தில் இருந்து, இத்தனை ஆண்டும் கேட்காததைக் கேட்டேன்.

"உம்மா, வாப்பாட மணம் நினைவிருக்கா?"

விரல்கள் மயிருக்குள் நின்றன. துறைமுகப் பக்கம் ஏதோ ஒரு கப்பல் ஊதி ஓய்ந்தது.

"இல்ல மகள். நினைக்கப் பாத்தா அந்தப் புகைதான் வருது."

எனக்கும் அப்படித்தான் என்று நான் சொல்வதற்குள் உம்மாவின் பெருவிரல் பூனையின் கழுத்தடியில் எதையோ அழுத்திப் பிடித்திருந்தது.

"இந்தா, ஒண்டு இரிக்கி. கையை நீட்டு. விட்டிடாத, படுக்கைக்குள்ள போயிரும்."