நாலாவது பாட்டில் ஒரு மூச்சு

தொழிற்சாலையில் அவருக்கு 'மூச்சு' என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. தகரத்தை அமுக்கி டப்பா மூடி செய்கிற பிரஸ் எந்திரத்தில் இருபத்தாறு வருஷமாக வேலை. சாப்பாட்டு நேரத்தில் யாராவது பக்கத்தில் உட்கார்ந்தால் தொலைந்தார்கள். இயர்போனை அவர்கள் காதில் செருகிவிட்டு, "நாலாவது பாட்டுல மேல ஏறுறதுக்கு முன்னாடி ஒரு மூச்சு வாங்குவான், அதக் கேளுங்க" என்பார். அவர்களும் தலையாட்டிவிட்டுக் கை கழுவப் போய்விடுவார்கள்.

அந்தப் பாட்டைப் பாடியவன் பின்னாளில் மைதானம் மைதானமாகக் கூட்டம் சேர்த்த ராக் பாடகன். அந்தப் புகழெல்லாம் மூச்சுக்கு ஒரு பொருட்டே இல்லை. ஆள் யாரென்றே தெரியாத காலத்தில், ஒரு சின்ன அரங்கில், மற்றவர்களின் பாட்டுகளை எடுத்துப் பாடிப் பதிந்தானே, அந்த ஒன்பது பாட்டுகள்தான் அவருக்கு உயிர். "சொந்தப் பாட்டுல கெட்டிக்காரத்தனம்தான் தெரியுது. அடுத்தவன் பாட்டத்தான் உசுரக் குடுத்துப் பாடியிருக்கான்" என்பார். நாலாவது, விட்டுவிட்டுப் போன ஒருத்தியைக் கூப்பிடுகிற பாட்டு. உச்சத்துக்குப் போகும் முன் வாத்தியங்கள் எல்லாம் நின்றுவிடும். அந்த இடைவெளியில் அவன் இழுக்கிற மூச்சு, அழுகையை அடக்குகிறவனின் மூச்சு. எத்தனை முறை கேட்டாலும் இவருக்குக் கண் கலங்கிவிடும்.

பிரஸ் போடுகிற சத்தத்துக்குக் கம்பெனி காதுமூடி கொடுத்திருந்தது. மற்றவர்கள் காதைக் காப்பாற்றிக்கொள்ள அதை மாட்டினார்கள். இந்த மகானுபாவர் அதனடியில் இயர்போனை ஒளித்துக்கொள்ள மாட்டினார். எந்திரத்தை மீறிப் பாட்டு கேட்க வேண்டுமென்றால் சத்தத்தைக் கடைசிவரை ஏற்ற வேண்டும். ஏற்றினார். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், பதினோரு வருஷம். காதுமூடியைக் கழற்றாமல் வேலை செய்கிற ஒரே ஆள் என்று மேற்பார்வையாளர் அவரைத்தான் மற்றவர்களுக்கு உதாரணம் காட்டினார்.

மனைவிக்குப் பக்கத்துக் கொட்டகையில் வேலை. மூடிகளைக் கொட்டி உருட்டிப் பிசிறு நீக்குகிற பெரிய இரும்பு உருளையின் அருகே நாள் முழுக்க நிற்க வேண்டும். வீட்டில் அவர் எவ்வளவு சத்தமாகப் பாட்டு வைத்தாலும் அவள் முகம் சுளித்ததே இல்லை. அவளுக்கும் பாட்டு பிடித்துப்போய்விட்டது என்று அவருக்கு உள்ளூரப் பெருமை. குறை ஒன்றுதான், கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். "கல்லுளிமங்கி!" என்று திட்டிவிட்டு நாள்கணக்கில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். ஆனால் எதிரே வந்து உட்கார்ந்தால் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். அதை அவர் ஆசை என்று எடுத்துக்கொண்டார்.

போன மாதம் அந்த மூச்சு காணாமல் போனது. வாத்தியங்கள் நின்றன, குரல் உச்சத்தில் வந்தது, நடுவில் ஒன்றுமே இல்லை. புது இயர்போன் வாங்கிப் பார்த்தார், அப்போதும் இல்லை. கடைசியில் காது டாக்டரிடம் போனார்.

"மெல்லிசான சத்தமெல்லாம் போயிடுச்சு. மிச்சமும் குறைஞ்சுகிட்டேதான் வரும்" என்றார் டாக்டர், உரக்க. "கருவி வெச்சா பேச்சு ஓரளவு கேக்கும். பாட்டு பழைய மாதிரி கேக்காது. வேலையில காதுமூடி போட்டீங்களா?"

மூச்சு ஆமென்று தலையாட்டினார். உண்மையைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மனைவியைக் கூப்பிட்டுக் கட்டிலில் எதிரே உட்காரவைத்தார். நடுவில் ஸ்பீக்கர் பெட்டி.

"எனக்கு இனிமே அந்த மூச்சு கேக்காது. எனக்காக நீ கேளு. அது வந்ததும் என் கையத் தொடு. நீ கேட்டா நான் கேட்ட மாதிரி."

அவள் அவர் வாயைப் பார்த்தாள். பிறகு தன் கையை அவர் கைமேல் வைத்துக்கொண்டாள்.

நாலாவது பாட்டு ஓடியது. மூச்சு இன்னொரு கையைப் பெட்டியின்மேல் வைத்திருந்தார். அதிர்வு நின்றது. இதோ, இப்போது. அவள் விரல் அசையவில்லை. பெட்டி மறுபடி அதிரத் தொடங்கியது, உச்சமும் வந்துபோனது. அவர் கண் கலங்குவதைப் பார்த்த பிறகுதான் அவள் அவசரமாக விரலை அழுத்தினாள்.

"இப்பவா வந்துச்சு?"

அவள் கையை எடுத்துக்கொண்டாள். "எனக்கும் கேக்காதுங்க."

"அந்த மூச்சா?"

"பாட்டே."

"எப்பலேர்ந்து?"

"பத்து வருசத்துக்கு மேல ஆச்சு. எங்க கொட்டகையில காதுமூடி குடுக்கல. பிரஸ்காரங்களுக்கு மட்டும்தான்னாங்க. வெளிய தெரிஞ்சா வேலைய விட்டு நிறுத்திடுவாங்களேன்னு யார்கிட்டயும் சொல்லல."

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னேங்க. ரெண்டு தடவ. நீங்க காதுல பாட்டு வெச்சிருந்தீங்க."

கோபமில்லாமல்தான் சொன்னாள். அவர் கைக்கடியில் பெட்டி அதிர்ந்தது, ஐந்தாவது பாட்டு தொடங்கிவிட்டது. அவர் ஏதாவது சொல்வாரென்று அவள் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.